ஓட்டை விழுந்த கிழங்கு

1

எழுத வந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் வயிற்றுவலியோடு காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்டவனிடம் பினாங்கு வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்பும்படி நம் ஊர்ப் படிப்பகத்துக் காரியதரிசி மூன்று கடிதம் போட்டுவிட்டார். ஆண்டு மலரில் என் படத்துக்கு இடம் விட்டு வைத்திருப்பதாகக் கடைசிக் கடிதத்தில் இருந்தது. படம் அனுப்புவதை விடக் கட்டுரை அனுப்புவது எனக்குக் கொஞ்சம் சுலபமாகத் தோன்றியது.

மலரில் மற்றவர்கள் தொழில் வளர்ச்சி, உலக சமாதானம் என்று எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, பனியன் துணியில் ஓட்டை பார்ப்பது. இன்னொன்று, கடல் தாண்டி வந்தபின் சமைக்கக் கற்றுக்கொண்ட ஒரு கிழங்கு. இந்த வருடம் ஊருக்கு வந்திருந்தபோது இரண்டும் ஒரே இலையில் சேர்ந்துவிட்டன. அதைத்தான் எழுதுகிறேன்.

2

நான் கப்பலேறிப் பத்து வருடம் ஆகிறது. அணா போய் நயா பைசா வந்த புதிது அது. கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும் கணக்குத் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம்.

அதற்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் செக்கிங்கில் இருந்தேன். மிஷினிலிருந்து இறங்கும் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடிக்க வேண்டும். ஓட்டை இருந்தால் வெளிச்சம் ஊசி மாதிரி கண்ணில் குத்தும். குத்திய இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்பது வருடம் செய்தால் கண் அப்படியே பழகிவிடும். அப்பளமோ வெற்றிலையோ, கைக்கு வந்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்த பிறகுதான் வாய்க்குப் போகும். கல்யாணமான புதிதில் என் மனைவி சுட்ட முதல் தோசையையும் அப்படித்தான் பார்த்தேன். தோசையில் எத்தனை ஓட்டை இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர். செக்கிங்குக்கு அவர்தான் தலைவர். பெயரைச் சொல்லி அழைத்துப் பழக்கமில்லாததால் இங்கேயும் மச்சான் என்றே எழுதுகிறேன். காதில் நீலப் பென்சில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கோயிலில் திருநீறு வாங்கக் குனியும்போதும் பென்சில் இருக்கும்.

பினாங்கில் உறவுக்காரர் ஒருவர் பனியன் கடை வைத்திருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். போவதென்று முடிவாகிவிட்டது. ஆனால் மச்சானிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு முன்னால் அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று அவளிடமும் சொல்லவில்லை. "நாளைக்குப் போறனுங்க மச்சான்" என்ற ஒரு வரியை ஒரு வாரம் கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். கடைசி நாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வீடு வரை இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து வந்தோம். சந்து திரும்பும் இடத்தில் நின்றேன். அவரும் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு மழை வர்றாட்டம் இருக்குதுங்க மச்சான்" என்றேன்.

"வரட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் நானும் மனைவியும் ரயிலேறிவிட்டோம். நான் போன சேதியை, ஸ்டேஷனில் எங்களைப் பார்த்த கம்பெனி வாட்ச்மேன் சொல்லித்தான் மச்சான் தெரிந்துகொண்டாராம். அன்று சாயங்காலம் அக்காவிடம், "இனி உன் தம்பிகூட ஒரு வார்த்தை பேசுனா என் பேரை மாத்திக் கூப்புடு" என்றாராம். அக்கா மாதம் ஒரு கடிதம் போடுவாள். அதன் கடைசி வரியில் "மச்சான் சௌக்கியம்" என்று இருக்கும். பத்து வருடமாக அவரைப் பற்றி எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு சொல்தான்.

3

இனிக் கிழங்குக்கு வருகிறேன்.

பினாங்கில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு சீனர் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் அவரைத் தவுக்கே என்பார்கள். இந்த ஊரில் முதலாளியை அப்படித்தான் அழைப்பது. போன புதிதில் ஒருநாள் அவர் கடையில், களிமண் அப்பிய கட்டை மாதிரி ஒன்று கூடையில் கிடந்தது. சேப்பங்கிழங்குக்குப் பெரியப்பா முறை ஏதோ என்று நினைத்து ஒன்று வாங்கி வந்தேன். என் மனைவி மண்ணைக் கழுவித் தோலைச் சீவி நறுக்கினாள். உள்ளே வட்டமாக ஏழெட்டு ஓட்டை.

எனக்குக் கோபம் வந்தது. பூச்சி அரித்த கிழங்கைத் தலையில் கட்டிவிட்டாரே என்று அதைக் கீழே எடுத்துப் போனேன். மலாய் அப்போது எனக்கு நாற்பது சொல் தெரியும். அதில் ஓட்டைக்குச் சொல் கிடையாது. கிழங்கை வெளிச்சத்தில் பிடித்து விரலை ஓட்டையில் விட்டுக் காட்டினேன். தவுக்கே என்னையும் விரலையும் பார்த்துவிட்டு வேறு ஒன்று கொடுத்தார். மேலே வந்து நறுக்கினால் அதிலும் ஓட்டை. மறுபடி இறங்கினேன். மூன்றாவது கொடுத்தார். அதிலும் ஓட்டை. இந்தப் பூச்சி எப்படி எல்லாக் கிழங்கிலும் அளவெடுத்த மாதிரி ஒரே வட்டத்தில் அரிக்கிறது என்ற சந்தேகம் எனக்கு அப்போதாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரே தவறு எல்லாத் துணியிலும் ஒரே இடத்தில் வந்தால் மிஷினில் ஊசி உடைந்திருக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். இவர் தோட்டத்தில் ஏதோ ஊசி உடைந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

மூன்றாவது தடவை இறங்கியபோது தவுக்கே கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். கூடையில் இருந்ததில் ஒன்றை எடுத்து என் முன்னாலேயே நறுக்கினார். ஓட்டை. இன்னொன்று. ஓட்டை. பிறகு ஒரு வில்லையை எடுத்துத் தன் கண்ணில் வைத்து அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். தெருவே சிரித்தது. பக்கத்துக் கடையில் துணி தைக்கும் நம் ஊர் ராவுத்தர் எழுந்து வந்து, "அண்ணே, அது தாமரைக் கிழங்கு. ஆண்டவன் படைக்கும்போதே ஓட்டை போட்டுத்தான் படைச்சான்" என்று என் காதில் சொன்னார். நான் இரண்டு நாள் பின்வாசல் வழியாகவே போய் வந்தேன்.

நம் ஊர்க் குளங்களில் தாமரை இல்லாமலா இருக்கிறது? பூவைப் பறித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தவுக்கேயின் மனைவி ஒரு கிண்ணத்தில் சமைத்தே கொடுத்தனுப்பினாள். தின்றேன். நறுக் நறுக்கென்று அந்தச் சத்தமே ஒரு ருசியாக இருந்தது. உப்பு உறைப்பு போதவில்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பின் எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் தாமரைக் கிழங்குதான். கடை விடுமுறை நாளில் நானே சமைப்பேன்.

இங்கே பிறந்த என் மகள் வள்ளிக்கு இப்போது ஒன்பது வயது. தவுக்கேயின் பிள்ளைகளோடு சீன பாஷையில் சண்டை போடுகிறாள், பள்ளியில் மலாய், என்னிடம் மட்டும் போனால் போகிறதென்று தமிழ். அந்தக் கிழங்குக்கு அவள் ஒரு சீனப் பெயர் சொல்வாள். அது என் வாயில் நுழையாது. நான் கஷ்டப்பட்டுச் சொன்னால், "அப்பா, அது செருப்பு" என்பாள். அரிசியும் பருப்பும் சேர்த்து நம் ஊர் அரிசிம்பருப்புச் சோறு பொங்கினால் மூக்கைச் சுளிப்பாள். கிழங்கைத் தாளித்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் சேர்த்துத் தின்றுவிடுவாள். இதற்கு மேல் அவளை வற்புறுத்த எனக்குத் தெரியவில்லை.

4

இந்த வருடம்தான் ஊருக்கு வர விடுமுறை கிடைத்தது. திரும்பி வர அனுமதிச் சீட்டு வாங்குவதற்கு மட்டும் ஆறு தடவை அலைந்தேன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் முன்பு செய்த வேலையையும் எழுதச் சொன்னார்கள். ஓட்டை பார்ப்பது என்று விளக்கியதில், அந்த அதிகாரி என்னைப் பல் டாக்டரிடம் வேலை பார்த்தவன் என்று எழுதிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. திருத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பல் ஆள் என்ற பெயரிலேயே வந்து போனேன்.

மனைவி கடையைப் பார்த்துக்கொண்டாள். நானும் வள்ளியும் கிளம்பினோம். அத்தைக்கு என்ன கொண்டுபோகலாம் என்றதற்கு வள்ளி யோசிக்காமல் அந்தக் கிழங்கைத்தான் சொன்னாள். களிமண்ணோடு வைத்தால் நாள்பட இருக்கும் என்று தவுக்கே நான்கு கிழங்குகளுக்குப் புதிதாக மண் அப்பிக் கொடுத்தார்.

கப்பல் இறங்கிய இடத்தில் சோதனை அதிகாரி பெட்டியைத் திறந்தார்.

"இது என்ன?"

"கிழங்குங்க."

"மண்ணாட்டம் இருக்குதே?"

"மண்ணுக்குள்ள கிழங்குங்க."

"எதுக்கு?"

"பொரியலுக்குங்க."

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் முகர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒரு புத்தகத்தைப் புரட்டினார்கள். கிழங்கு என்றால் இன்னொரு அறைக்குப் போய் இன்னொரு அதிகாரியைப் பார்க்க வேண்டுமாம். அவர் அன்று லீவாம். கடைசியில் "மண், நான்கு கட்டி" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

திருப்பூரில் அக்கா வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டியைத் திறந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"தம்பி, பத்து வருசம் கழிச்சு வந்து மண்ணையா சாமி கொண்டாந்த? நம்மூர்ல இல்லாத மண்ணா?"

மச்சான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. பென்சில் அதே காதில் இருந்தது. "சௌக்கியமுங்களா மச்சான்" என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அதற்குப் பின்னால் இருந்து, "கண்ணு, உங்கப்பனுக்குத் தண்ணி காஞ்சிருக்குது, தண்ணி வார்த்துக்கச் சொல்லு" என்று வள்ளியிடம் சொன்னார்.

மூன்றடி தூரத்தில்தான் நான் நின்றேன். வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, அங்கிள் குளிக்கச் சொல்றார்" என்றாள். அங்கிள் என்ற சொல் மச்சானுக்கு அடிபட்ட மாதிரி இருந்தது. "மாமான்னு சொல்லு கண்ணு" என்றார். வள்ளி என்னிடம், "அப்பா, மாமான்னு சொல்லணுமாம்" என்றாள்.

பன்னிரண்டு நாளும் இப்படியே நடந்தது. இரண்டாம் நாளிலிருந்து வள்ளி சேதிக்கு ஒரு கடலை மிட்டாய் கேட்டாள். இரண்டு பக்கமும் வாங்கினாள். நாலாம் நாள் நீளமான சேதிக்கு இரண்டு என்றாள். மச்சான் அதனால் சேதியைச் சுருக்கினார். "சோறு?" என்பார். நான் "ஆச்சு" என்பேன். அக்காதான் பாவம். அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு புலம்புவாள்.

"நீ மறுக்கா எப்ப வருவயோ. அந்த மனுசனுக்கும் வயசாகுது. நீ ஊருக்குப் போறதுக்குள்ள அவரு ஒரே ஒரு வார்த்தை பேசிட்டா எனக்குப் போதும் தம்பி. நீயாவது மொதல்ல பேசேன்."

"பேசத்தானுங்க்கா போறேன். பக்கத்துல போனா நாக்கு ஒட்டிக்குது."

"பினாங்குல யாவாரம் எப்படித்தான் பண்றயோ!"

"அங்க எல்லாரும் துணியைத்தானுங்க்கா பாக்கறாங்க, என்னைப் பாக்கறதில்லை."

5

விடுமுறையின் கடைசி நாள் வந்தது. மறுநாள் காலை எனக்கு ரயில். அன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறை, மச்சான் வீட்டில் இருந்தார். மத்தியானச் சமையலை நானே செய்வதாகச் சொன்னேன். பேசத்தான் வரவில்லை, சமைத்தாவது போடலாம் என்றுதான்.

கிணற்றடியில் மண்ணைக் கழுவி, கத்தியின் முதுகால் தோலைச் சுரண்டினேன். ஓட்டைக்குள் போன சேற்றை ஈர்க்குக் குச்சி விட்டுத் துடைத்தேன். வில்லை வில்லையாக நறுக்கி, கறுத்துவிடாமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட்டேன். அக்கா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் பதறிப் போனாள்.

"தாமரையா? மகாலட்சுமி உக்காந்திருக்கற பூவோட வேரைப் போய்த் தாளிக்கறதா?"

"அத்தை, அவங்க மேல உக்காந்திருக்காங்க. இது ரொம்பக் கீழ இருக்கு" என்றாள் வள்ளி. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

மஞ்சள் போட்டு முக்கால் வேக்காடு. கடலை எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். கொத்தமல்லியும் வரமிளகாயும் சீரகமும் வறுத்து இடித்த பொடி. கடைசியில் ஒரு கை தேங்காய்த் துருவல். தவுக்கே வீட்டில் இதெல்லாம் கிடையாது. ஆனால் அந்தக் கிழங்கு இத்தனை நாள் இந்தப் பொடிக்காகத்தான் சேற்றில் காத்திருந்தது என்று நான் நினைக்கிறேன். பக்கத்து அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு.

இலை போட்டு உட்கார்ந்தோம். மச்சான் எனக்கு எதிரில், நடுவில் தூது சொல்ல வள்ளி. அக்கா பரிமாறினாள். என்ன காய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மச்சான் ஒரு வில்லையை எடுத்தார். வாய்க்குப் பாதி வழி போன கை நின்றது. திரும்பி ஜன்னல் பக்கம் உயர்ந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இடது கை தானாகவே காதுக்குப் போய்ப் பென்சிலை எடுத்துவிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் ஓட்டை வழியாகப் பார்த்தார். ஓட்டைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

பென்சிலைப் பழையபடி காதில் வைத்தார்.

"கண்ணு, உங்கப்பங்கிட்டச் சொல்லு. இதுல டேமேஜ் இருக்குது."

"அப்பா, டேமேஜ்" என்று வள்ளி மிட்டாய்க்குக் கையை நீட்டினாள்.

"அது அப்படித்தான் இருக்குமுன்னு சொல்லு."

அவர் நம்பவில்லை. இன்னொரு வில்லையை எடுத்துப் பிடித்தார். பிறகு இன்னொன்று. பார்த்து முடித்ததையெல்லாம் இலையின் இடது ஓரத்தில் அடுக்கினார். நல்ல சரக்குக்காக வலது ஓரத்தைக் காலியாக வைத்திருந்தார். அது காலியாகவே இருந்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமையும் செக்கிங்குங்களா? வாயில போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அக்கா.

மனமில்லாமல் ஒரு வில்லையைப் பாதி கடித்தார். நறுக்கென்று சத்தம் எனக்குக் கேட்டது. மிச்சப் பாதியை வாயிலிருந்து எடுத்தார். அந்தக் கிழங்குக்கு ஒரு குணம் உண்டு. வெந்த பிறகும் சில வில்லைகளிலிருந்து சிலந்தி இழை மாதிரி மெல்லிய நூல்கள் நீளும். அவர் கையை விலக்க விலக்க நூல் நீண்டுகொண்டே போனது. அறுபடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது. மச்சான் கடிப்பதை நிறுத்திவிட்டார். விரல் நுனியால் நூலைத் தொட்டு முறுக்கிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. கையில் கிழங்கோடு, வாயில் நூலோடு, வள்ளியைத் தாண்டி என் பக்கம் குனிந்தார்.

"மாப்ளே, இது என்ன கவுண்ட் நூலுங்க?"

நூல் எவ்வளவு மெல்லிசு என்பதற்குச் சொல்லும் எண்தான் கவுண்ட், எண் ஏற ஏற நூல் மெல்லிசு. நம்மவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மலரை வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்று காரியதரிசி எழுதியிருந்தார்.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வள்ளி, "அப்பா, மாமா என்ன கவுண்ட்னு..." என்று ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

பத்து வருடம் கழித்து மச்சான் பேசிய முதல் வார்த்தைக்கு நல்ல பதிலாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது, "தெரியிலீங்க மச்சான்" என்பதுதான்.

"தெரியிலீங்களா? நூத்திருபதுக்குக் கொறையாதுங்க. பத்து வருசமா இதைத் தின்னுட்டு என்ன கவுண்டுன்னு பாக்காமயா இருந்தீங்க?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கே உறைத்தது. அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இனி உங்க பேரை என்னன்னு மாத்திக் கூப்பிடறதுங்க?" என்றாள்.

மச்சான் சோற்றைப் பிசைந்தார். இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"சொல்லிட்டுப் போயிருந்தா நா என்ன, காலையா கட்டிப் போட்டிருப்பனுங்க?"

"இல்லீங்க மச்சான். சொல்லத்தான் அந்தச் சந்துல நின்னனுங்க. வாய் வரலீங்க."

"அதுக்கு மழை வருமுன்னு சொல்றதாக்கும்? மாப்ளே சொல்லீட்டாரேன்னு மறுநா குடையை எடுத்துட்டுக் கம்பெனிக்குப் போனனுங்க. பொட்டு மழையில்லை. வெயில் பொளக்குது. குடையோட நிக்கறப்பத்தான் வாட்ச்மேன் வந்து, உங்க மச்சினன் கப்பலேறப் போயிட்டாராமாங்கறான். ஒரு மாசம் என்னைக் குடைக்காரர்னே கூப்பிட்டானுக."

இது எந்தக் கடிதத்திலும் வரவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் வெளியே வராமல் விக்கல் வந்தது. அவரே தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன். குடித்து முடித்த தைரியத்தில், கிணற்றடியில் ஒரு வாரம் சொல்லிப் பார்த்த வரியைச் சொல்லிவிட்டேன்.

"நாளைக்குப் போறனுங்க மச்சான்."

"செரீங்க" என்றார். பிறகு இடது ஓரத்தில் அடுக்கியிருந்த டேமேஜ் சரக்கு முழுவதையும் ஒவ்வொன்றாகத் தின்றார். சட்டியில் இருந்ததையும் போடச் சொன்னார். ஒரு வில்லையை மட்டும் கழுவித் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கம்பெனியில் காட்ட வேண்டுமாம்.

வேலை போய்விட்டது என்று வள்ளி சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை.

6

மறுநாள் காலை மச்சான் எங்களை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் குடை கொண்டு வந்திருந்தார். மழை பெய்யவில்லை.